நாலாம் வீட்டுத் தரை

பன்னிரண்டு வருஷமாக ராஜபாளையம் பக்கத்தில் கூரை வீட்டுக்காரர்களுக்கு வீடு கட்டிவரும் சங்கம், அந்த ஆண்டு தேவதானத்துக்கு வந்தது. அதன் விதி விசித்திரமானது. பதினோரு குடும்பமும் சேர்ந்து பதினோரு வீட்டையும் கட்ட வேண்டும். எது யாருக்கு என்பது கடைசி நாள் குலுக்கலில்தான் தெரியும்.

மலையைப் பார்த்த வாசலுக்காகவே வெள்ளைத்தாய்க்கு நாலாம் வீட்டின் மேல் கொள்ளை ஆசை. அது தனக்குத்தான் விழும் என்று கனவு கண்டு, யாரும் இல்லாதபோது அதன் சிவப்புத் தரையைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் கண்ணாடியாகத் தேய்த்து வைத்தாள்.

குலுக்கலில் அவளுக்கு ஒன்பது வந்தது. நாலு, கொத்தனார் ராக்கப்பனுக்கு.

உம்மென்று ஒன்பதுக்குள் நுழைந்தவள் அடுப்படியில் நின்றுவிட்டாள். நேற்றுவரை சுவராக இருந்த இடத்தில் ஒரு ஜன்னல். அதற்குள் முழு மலையும், மேகத்தோடு.

வாசலில் ராக்கப்பன் முகம் தொங்க நின்றார். "அதை எனக்குன்னு தெறந்தேன் தாயி."

அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது. "நாலுக்குப் போங்க அண்ணாச்சி. தரையில வழுக்கி விழுந்திராதிய."

செத்த நேரத்தில் தெருவெங்கும் சிரிப்பு. ஆறாம் வீட்டில் யாரோ ரகசியமாகப் பரண் கட்டியிருந்தார்கள். பத்தாம் வீட்டுக் கதவில் யாரோ செதுக்கிய மயில் ஆடியது.

சங்கத்துத் தங்கபாய் குலுக்கல் டப்பாவோடு வந்தாள். "எல்லா ஊர்லயும் இதே கூத்துதான். யாரும் மாத்திக்கிடுதியளா?"

அதற்குள் வெள்ளைத்தாய் ஜன்னலடியில் பால் காய்ச்சத் தொடங்கியிருந்தாள்.