நூல்காரத் தெரு கம்ப்யூட்டரோட கனம்

நூல்காரத் தெரு கம்ப்யூட்டர்ல ஒரு பாட்டு ஏத்தினா ஒரு படி அரிசி கனம் கூடும், ஒரு போட்டோ ஏத்தினா ஒரு பிடி. ரெண்டாயிரத்து ஒண்ணுல வாங்கினு வந்தப்ப சத்யப்ரியா அதைத் தனியா இடுப்புல வெச்சுக்கினு மாடி ஏறினா. மூணு வருசம் கழிச்சு எட்டு ஆம்பளைங்க சேர்ந்தும் அதை நகத்த முடியல. தெருவுல யாரும் இதைப் பெரிசா எடுத்துக்கல. பட்டு நனைஞ்சா கனக்குதில்ல, அது மாதிரின்னு விட்டுட்டாங்க.

சத்யப்ரியா வாலாஜாபாத் பக்கத்துல பயிர் வைக்கிற வீட்டுப் பொண்ணு. கம்ப்யூட்டர் படிக்க சின்ன காஞ்சிபுரம் வந்தவ, அங்கயே கேபிள் டிவி ஆபீஸ்ல வேலைக்கு ஒட்டிக்கினா. தெருவே சேர்ந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி ஆபீஸ் மாடியில வெச்சு, வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்து, அவளைப் பாத்துக்கச் சொல்லிச்சு. மொதல்ல குழாய்ல தண்ணி எப்ப வரும், யாருக்கு என்ன ரத்த குரூப்னு போட்டாங்க. அப்பால மனசுல இருக்கிறதெல்லாம் வந்துச்சு. கோயில்ல பாசுரம் சேவிக்கிற பராங்குசம் மாமா அவங்க வீட்டு ராகத்துல பாடிக் குடுத்தார். கரையைத் தனியாக் கோத்து கோர்வைப் புடவை நெய்யிற சபாபதி, கரைப்பக்கம் உக்காந்து நாடாக்கட்டை தள்ற பையனுக்கு இழுத்து இழுத்து "ஏந்து, வுடு" சொல்ற குரலைக் குடுத்தார். "தொலைஞ்சிடாதில்லம்மா?"ன்னு ஒவ்வொருத்தரும் கேட்டாங்க. "நான் இருக்கிற வரைக்கும் தொலையாது"ன்னு ஒவ்வொருத்தருக்கும் சொன்னா. சொல்லிட்டு அவளுக்குச் சோறு எறங்கல. வீட்டுக்குப் போற வழியில பாதியில திரும்பி வந்து கம்ப்யூட்டர் ஃபேன் ஓடுதான்னு தொட்டுப் பாப்பா.

நாலாவது வருசம் ஆனி மாசம் மாடி உத்தரம் வளைஞ்சுது. கீழ ஜரிகைக் கடை வெச்சிருந்த கட்டடக்காரர் மாணிக்கவேல் ஏறி வந்து, "இன்னாமா, என் தலைமேல எறக்கப் பாக்குறியா? ஆடி பொறக்கிறதுக்குள்ள எடு. இல்லன்னா உள்ள இருக்கிறதை அழிச்சு லேசாக்கு"ன்னுட்டார். எதை அழிக்கலாம்னு சத்யப்ரியா வீடு வீடாப் போய்க் கேட்டா. "எங்களுது பஞ்சு மாதிரிமா, எதிர்வீட்டுதுதான் கனம்"னு ஒரு வீடு சொல்லிச்சு. எதிர்வீடும் அதையேதான் சொல்லிச்சு.

தெருக்கோடியில நெசவாளர் சங்கத்து ரூமு தரையோட தரையா காலியா கெடந்துச்சு. அது வரைக்கும் தூக்கினு போக, கோயில்ல சாமி தூக்குற கலியனும் அவர் ஆளுங்க பதினாறு பேரும் தோள்ல தாங்குற மூங்கில் தண்டு எடுத்துக்கினு வந்தாங்க. வடம் கட்டி ஜன்னல் வழியா எறக்கினாங்க. ஆஃப் பண்ணா கம்ப்யூட்டர் திரும்ப எழுந்திருக்காதோன்னு பயந்து, சத்யப்ரியா அதை ஒரு லாரி பேட்டரியில ஓடவிட்டு, பக்கத்துல ஸ்பீக்கரைக் கட்டி, கூடவே நடந்தா.

அங்கதான் தப்பு நடந்துச்சு. தண்டு தோள்ல ஏறினதும் கால் பழக்கத்துல போச்சு. சாமி ஊர்வலத்துல வாசலுக்கு வாசல் நின்னு மரியாதை வாங்குற மண்டகப்படி கணக்கா மொத வீட்டு வாசல்ல நின்னுட்டாங்க. "நிக்காதீங்கண்ணா, நேராப் போங்க"ன்னு சத்யப்ரியா கெஞ்சினா. "தோள்ல ஏறினா எங்களுக்கு அது சாமிதாம்மா. வாசல்ல நிக்காம தாண்டினா கால் வராது"ன்னார் கலியன். வந்து நின்னதை வெறுங்கையோட அனுப்ப யாருக்கு மனசு வரும்? மொத வீட்ல கல்யாணப் போட்டோ குடுத்தாங்க. அடுத்த வீட்ல ஒரு தாலாட்டு. அதுக்கடுத்த வீட்ல, வராத தண்ணி லாரியைத் திட்டின திட்டு. வேணாம்னு சொன்னா மூஞ்சி சுருங்கும்னு சத்யப்ரியா எல்லாத்தையும் ஏத்திக்கினா. வீட்டுக்கு வீடு கனம் ஏறிச்சு, தண்டு முனகுச்சு. கீழ விழுந்தா தெருவே தூள்னு அவ பொட்டிக்கு அடியில கையை வெச்சுக்கினே நடந்தா.

பூ விக்கிற லோகாம்பாள் வாசல்ல தண்டு தூக்கினவங்கள்ல ஒருத்தர் முட்டி மடங்கிட்டார். தெருவுல ஒயர் போகாத ஒரே வீடு அது.

"அக்கா, நீங்களாவது ஒண்ணும் குடுக்காதீங்க," சத்யப்ரியாவுக்கு அழுகையே வந்துச்சு.

"குடுக்க என்னாண்ட இன்னா கீது? இவ்ளோ தூரம் வந்துகீது, எதனா இருந்தா போடு. கேட்டுட்டுப் போறேன்."

அந்தத் தெருவுல இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல. அவங்கவங்க குடுத்ததை அவங்கவங்க கேட்டாங்க, அவ்வளவுதான். சத்யப்ரியா கைக்கு வந்ததைத் தட்டினா. சபாபதி குரல் "ஏந்து, வுடு"ன்னு கெளம்புச்சு. லோகாம்பாள் பூக்கூடையைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாங்க. கேக்கக் கேக்க அவங்க குதிகால் மண்ணுல ஒரு விரக்கடை எறங்குச்சு.

"ஏம்மா, எதையாவது அழிச்சிட்டியா?" கலியன் திரும்பினார். "தோளு லேசாகுது."

அழிக்கலன்னு அவ தேடிப் பாத்து உறுதி பண்ணிக்கினா. மண்ணுல எறங்கின லோகாம்பாள் குதிகாலைப் பாத்ததும் கனம் எங்க போச்சுன்னு புரிஞ்சுது. அப்பால ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டி வெச்சா. பராங்குசம் மாமா யார் வீட்டுத் தாலாட்டையோ கண்ணை மூடிக் கேட்டார், அவர் நின்ன வாசப்படி விரிசல் விட்டுச்சு. சபாபதி பாசுரத்தைக் கேட்டார். மாணிக்கவேல் கடையை வுட்டு வெளிய வந்து தண்ணி லாரித் திட்டை முழுசாக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிச்சார். சாயங்காலம் சங்கத்து ரூம் வாசல்ல கலியன் தண்டை அவுத்தார். பொட்டியை சத்யப்ரியா ஒருத்தியே உள்ள எடுத்துக்கினு போனா. அன்னிக்கு ராத்திரி ஊருக்கு போன் போட்டு, சாப்பிட்டேன்னு அம்மாகிட்ட பொய் இல்லாம சொன்னா.

நூல்காரத் தெரு ஆளுங்க பாக்கறதுக்கு இருக்கிறதை விட இப்பவும் கொஞ்சம் கனம் ஜாஸ்திதான். ஷேர் ஆட்டோக்காரங்க அவங்களை ஏத்தினா ஒரு ஆள் கம்மியா ஏத்துவாங்க. டாக்டர் மிஷின்ல நிக்க வெச்சதும் எந்தத் தெருன்னு கேப்பார். சொன்னா, ரெண்டு கிலோ கழிச்சு எழுதிக்குவார்.