ஒன்பது நாள் கணக்கு

பஸீலாவின் கணக்கு ஒருமுறை ஓடி முடிய ஒன்பது நாள் ஆகும். புதிதாகச் சேர்ந்த ஹரிஹரசுதன் அதையே நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டான் என்று பேராசிரியை பெலிண்டா எல்லார் முன்னாலும் சொன்னபோது, பஸீலாவும் சிரித்தபடி கைதட்டினாள். வயிறு மட்டும் எரிந்தது.

துவாக்குடி பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவள் நான்கு வருடமாக ஆராய்ச்சி மாணவி. கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்தி நாடாவில் ஒரே திசையில் மின்சாரம் ஓடினால் இழப்பு கிடையாது. திசை மாறி மாறி ஓடினால் கொஞ்சம் சூடு பிறக்கும். முந்நூறு சுற்றுள்ள சுருளில் அந்தச் சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது அவள் வேலை. அவள் முந்நூறு சுற்றையும் கணக்கிட்டாள். உப்பிலியபுரத்திலிருந்து வந்து எட்டே மாதமான ஹரி, இருபது சுற்றை மட்டும் கணக்கிட்டு மற்றவற்றை அந்த இருபதைக் கொண்டு நிரப்பினான். இருவர் விடையும் ஒன்றாகவே இருந்தது.

"உங்க ரிசல்ட் இருந்ததாலதான்க்கா என்னால சரிபார்க்க முடிஞ்சுது" என்றான். திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

மேடம் இப்போதெல்லாம் அவனிடம்தான் யோசனை கேட்டார். கொரியாவில் நடக்கும் மாநாட்டுக்கும் அவன் பெயரையே அனுப்பினார். பாலக்கரை வீட்டில் பஸீலாவின் அம்மா கமர் ஜஹான் ஒருநாள் கேட்டேவிட்டாள்: "யாரும்மா அந்த ஹரி? சோறு திங்கும்போதும் அவன் பேச்சாவே இருக்கே?"

வெள்ளிக்கிழமை அவன் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை அவள் திறந்தாள். ஒரு தப்பாவது கண்டுபிடித்து, திங்கட்கிழமை கருத்தரங்கில் எழுந்து கேட்டுவிட வேண்டும். கிடைத்தது. கடைசியில் விடையை 0.85 ஆல் பெருக்கியிருந்தான். பக்கத்திலேயே குறிப்பு: 'அக்கா விடையோடு பொருந்துவதற்காக. காரணம் தெரியவில்லை. தப்பு என்னிடம்தான் இருக்கும்.'

திருட்டுப்பயல் என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டாள். ஆனால் கேள்வி கேட்பதானால் தப்பு எங்கே என்றும் சொல்லியாக வேண்டுமே. இரண்டு நிரலையும் வரிவரியாக ஒப்பிட்டாள். நாடா தாங்கும் மின்சாரத்துக்கு, காந்தப்புலம் அதைக் குறுக்கே துளைத்தால் ஒரு எண், நாடாவோடு ஒட்டிப் போனால் வேறொரு எண். அவன் சரியாகப் போட்டிருந்தான். அவள்தான் முதல் வருடமே இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாள். அவள் ஆய்வேட்டின் மூன்று அத்தியாயங்களும் அந்த எண்களின் மேல்தான் நின்றன.

அது யாருக்கும் தெரியாது. எழுந்து கேட்டால் போதும், தப்பு தன்னுடையதுதான் என்று அவனே ஒத்துக்கொள்வான். சனிக்கிழமை முழுக்க அந்தக் கேள்வியை மனத்துக்குள் அழகாகக் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவன் தலைகுனிந்து நின்றான். ஞாயிறன்று அதைத் தாங்க முடியாமல், அவன் வாடகைக்கு இருந்த ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினாள்.

ராஜகோபுரத்துக்கு எதிரே டீக்கடையில் அவனை வரச்சொல்லி, உட்காராமலே சொன்னாள். "அந்த பாயிண்ட் எட்டு அஞ்சை எடுத்துடு."

அவன் முகம் வெளுத்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன்க்கா. பயமா இருந்துச்சு."

"தப்பு என்னோடது. ரெண்டு நம்பரை மாத்திப் போட்டிருக்கேன். நாலு வருஷமா."

அவன், "ஒரு வாரம் கொடுங்க. எல்லாத்தையும் என் முறையில ஓட்டித் தந்துடறேன்" என்றான்.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. "வேணாம். நானே ஓட்டிக்கறேன்."

திங்கட்கிழமை மேடத்திடம் சொன்னாள். திட்டு விழவில்லை, ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போகும் என்றார், அவ்வளவுதான். பிறகு நிஜச் சுருளையே திரவ நைட்ரஜனில் முக்கிச் சூட்டை அளந்தபோது, ஹரி பெருக்காமல் விட்ட விடை மூன்று சதவீதத்துக்குள் ஒத்துப்போனது.

ஓட்ட வேண்டிய கணக்குகள் பதினான்கு. மூன்று கணக்குவரை வீம்பாக ஒன்பது ஒன்பது நாள் காத்திருந்தாள். நான்காவதன் நடுவில் கரண்ட் போய், அதுவரை ஓடியதெல்லாம் வீணானது. மறுநாள் காலை அவன் மேஜைக்குப் போய், "உன் நிரலைக் கொஞ்சம் சொல்லிக்கொடு" என்றாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். நன்றாகச் சொல்லிக்கொடுத்தான். அதற்கும் அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள்.