அரை மணி நேரக் காற்று

எல்லோரும் அவளை முக்குளி என்றுதான் கூப்பிடுவார்கள். கடலடிப் பாறையில் முங்கிக் கடற்பஞ்சு வெட்டுவது அவள் தொழில். வெட்டியதைப் படகுக்குள் இழுத்துப் போடுவது புருஷன் தொழில். இருபது வருடம் இப்படி ஓடியது. பிறகு பஞ்சுகளுக்கு ஒரு நோய் வந்து, பாறை முழுவதும் வெளுத்து அழுகிப்போனது. மற்றவர்கள் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். இவள் போகவில்லை. பிடிவாதத்தில் இவளை மிஞ்ச ஆளில்லை.

ஓர் இடுக்கில் ஐந்து பஞ்சுகள் தப்பியிருந்தன. அவற்றைத் தண்ணீருக்குள்ளேயே துண்டு போட்டு, கயிற்றில் கோத்து, பாறையோடு கட்டினாள். உயிருள்ள பஞ்சை மேலே தூக்கவே கூடாது. உள்ளே காற்றுப் புகுந்தால் அழுகத் தொடங்கிவிடும். கட்டைவிரல் அளவுத் துண்டுகள் மூன்று வருடத்தில் கைப்பிடி அளவுக்கு வந்தன. பெற்ற பிள்ளையைக்கூட அவள் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

பாறையைத் தன் பொறுப்பில் விடச் சொல்லி மீன்வளத் துறைக்கு எழுதிப்போட்டாள். அதிகாரி பார்க்க வந்த அன்று பார்த்து அவள் காதுவலிக்கு வைத்தியரிடம் போயிருந்தாள். கெட்ட நேரம் சொல்லிக்கொண்டா வரும்?

சாயங்காலம் புருஷன் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"சாருக்கு நீச்சலே தெரியாதாம். அதனால என்ன, நானே முங்கி, கயித்த அவுத்துப் படகுக்கே கொண்டாந்துட்டேன்."

"வாளித் தண்ணியிலயா?"

"சும்மா கையிலதான். ஒண்ணொண்ணா பார்த்து போட்டோ எடுத்தாரு. அரை மணி இருக்கும். அப்புறம் பழையபடி கட்டிட்டேன்."

"மேல தூக்கக்கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்?"

"இருபது வருஷம் தூக்கிப் போட்டவன்தான நான். எதுக்காவது என்ன ஆச்சு?"

அப்போது தூக்கியதெல்லாம் விற்பதற்காகச் சாகத் தூக்கியது என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. நல்லவன்தான். நல்லவன் செய்கிற கெடுதலுக்குத்தான் மருந்தே கிடையாது.

நாலாம் நாள் அவள் இறங்கிப் பார்த்தாள். தொட்டதெல்லாம் கூழாக விரலோடு வந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் காதுவலி என்று நினைத்துக்கொண்டான்.

மறு வாரம் உத்தரவு வந்தது. அவன் வாசலிலேயே பிரித்துச் சத்தமாகப் படித்தான். பஞ்சுகள் நன்றாக வளர்வதை அதிகாரி நேரில் கண்டதால், பாறை பத்து வருடத்துக்கு அவள் பொறுப்பில் விடப்படுகிறதாம். கூடவே ஒரு படம். அதில் அவன் இரண்டு கையாலும் பஞ்சுக் கயிற்றைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான்.

"பார்த்தியா? நான் மட்டும் தூக்கிக் காட்டலைன்னா இது கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்காதுங்க," என்றாள். அது உண்மை என்பதுதான் அவளுக்குத் தாளவில்லை.