வாசம் வந்துருச்சுங்களா

மூக்கு போனா போகட்டும்டா, உன் மூக்கை நம்பியா இங்க உலை கொதிக்குது... அப்படித்தான் எழுதியிருந்தான் ஃபில்டர் காபி என்று பெயர் வைத்துக்கொண்ட அவன், அதுவும் போன் குரூப்பில் எல்லாரும் பார்க்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை இரண்டைக் கூடவே ஒட்டி. எழுதி வாரக்கணக்காகிறது, இன்னும் அதை நினைத்தால் நவநீதனுக்கு வயிறு எரிந்தது. கொதிக்குதுடா, என் மூக்கை நம்பித்தான் என் வீட்டு உலை கொதிக்குது, உனக்கு என்னடா தெரியும், நீ எந்த ஊர்க் கடையில் உட்கார்ந்து எதை நிறுத்துப் போடுகிறவனோ... என்று பதில் எழுதத் துடித்த விரலை அன்றைக்கு அடக்கிக்கொண்டதற்கு இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொண்டான். எதிரே ஃபேக்டரித் தரை முழுக்க அரைத்த தேயிலை பரப்பிக் கிடந்தது. பச்சையாக வந்து விழுந்தது மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. எந்த நேரத்தில் அதை அள்ளி உலர்த்துகிற டிரையருக்கு அனுப்புவது என்று சொல்லத்தான் அவனுக்குச் சம்பளம், குவார்ட்டர்ஸ், டீமேக்கர் என்கிற பெயர் எல்லாம். சீக்கிரம் அனுப்பினால் டீ பச்சை வாடை அடிக்கும், தாமதித்தால் சோர்ந்து புளித்துப் போகும், இரண்டுக்கும் நடுவில் பழம் கனிவதுபோல ஒரு வாசம் எழும், ஒரே ஒரு தடவை எழும், அதைப் பிடிக்க வேண்டும். அவன் குனிந்து ஒரு கை அள்ளி முகத்தருகே கொண்டுபோய் இழுத்தான். ஒன்றுமில்லை. ஈரம் மட்டும் மூக்கில் சில்லென்று ஏறியது.

இதைவிடக் கேவலம் என்னவென்றால் மூக்கைக் காப்பாற்றத்தான் அவன் இந்தச் சனியனைக் கையில் எடுத்தான். சிகரெட் பிடிக்கிற டீமேக்கரை எவன் வைத்துக்கொள்வான், புகை நாக்கில் ஏறும், விரலில் ஏறும், விரலிலிருந்து இலையில் ஏறும், தேயிலைக்குப் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாடையைக்கூட இழுத்து வைத்துக்கொள்கிற குணம். அதனால்தான் மச்சினன் பெங்களூரிலிருந்து பேனா மாதிரி ஒரு மின்சிகரெட்டைக் கொண்டுவந்து, மாமா இதுல புகையே கிடையாது, வெறும் ஆவி, புதினா வாசம், பத்தே நிமிஷத்தில போயிரும் என்றபோது, அடடா நமக்கென்றே செய்ததுபோல இருக்கிறதே என்று வாங்கிக்கொண்டான். சிகரெட்டை விட்டும்விட்டான், அதில் பொய் இல்லை. ஃபேக்டரிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கிற இடத்தில் நின்று ஊதுவான், மஞ்சூரில் பாதி நாள் மூடுபனி, எது பனி எது இவன் விட்டது என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது மூக்கு ஒன்றுதான், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது. முதலில் மெல்லிய வாசங்கள் போயின, அப்புறம் கெட்டியானவை. போன மாதம் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான், பால் தீய்ந்து பாத்திரம் கருகுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான். சுஜாதா ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, ஏனுங்க, கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க, ஊடே நாறுதே தெரியலீங்களா என்று கத்தினாள். தெரியலை என்று சொல்ல முடியுமா? டீமேக்கர் பெண்டாட்டியிடம் போய், எனக்கு வாசம் தெரியலை என்று? நினைப்பு வேற எங்கியோ இருந்துச்சு என்றான். எந்த நினைப்பு, எவ அவ என்று அவள் ஆரம்பித்தாள். அது வேறு பாடு.

ஆக இதைச் சொல்ல அவனுக்கு இருந்தது அந்த குரூப் ஒன்றுதான். டெலிகிராமில் 'மேகக் கூட்டம்' என்று பெயர், அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, தொழில் கிடையாது. நாட்டில் தடை பண்ணின சாமான், எவன் எப்போது மாட்டுவான் என்று தெரியாது, அதனால் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது, அவனவன் இழுக்கிற ருசிதான் அவனவன் பெயர். இவன் புதினா. ஒருவன் கொய்யா, ஒருத்தி ஸ்ட்ராபெர்ரி, ஒருத்தியோ ஒருத்தனோ யார் கண்டது, ஒருவன் ஐஸ் மாம்பழம். விடிந்ததும் முதல் ஆளாக அந்த ஃபில்டர் காபிதான் வருவான், எந்திரிச்சுட்டீங்களாடா திருட்டுப் பசங்களா என்று. பெயரைப் பார்... பரம்பரையாகத் தேயிலையில் விழுந்து புரள்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்குக் காபி என்று கேட்டாலே பற்றிக்கொண்டு வரும், அவன் அதை நெஞ்சில் பச்சை குத்தாத குறையாகத் தூக்கிக்கொண்டு அலைகிறான். எதைச் சொன்னாலும் மடக்குவான். பேனாவுக்குள்ள இருக்கிற காயில் கம்பி கருகுது என்றால், உன் மண்டை கருகியிருக்கும் பாரு என்பான். இவனும் விடமாட்டான், போடா வறக்காப்பி என்பான், அவன் போடா சட்னி என்பான், மற்றவர்கள் கை தட்டி வேடிக்கை பார்ப்பார்கள், இரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. வாசமே தெரியலைங்க, இது யாருக்காவது வந்திருக்கா என்று இவன் மானத்தை விட்டுக் கேட்ட அன்றைக்கு, எலுமிச்சம்பழத்தை நக்குங்க, நிறைய தண்ணி குடிங்க, மூணு நாள் தொடாதீங்க, ருசியை மாத்துங்க என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், அதுவாவது மனுசத்தனம். அந்த நாய் மட்டும்தான் உலை கொதிக்குதா என்று கேட்டது. கேட்டுவிட்டு இரண்டு நாள் குரூப் பக்கமே வரவில்லை. அந்த இரண்டு நாளும் காலையில் எழுந்ததும் போனை எடுத்துப் பார்த்தோமே, திருட்டுப் பசங்களா வந்திருக்கிறதா என்று தேடினோமே, அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

"ஏனுங்க டீமேக்கரே, வாசம் வந்துருச்சுங்களா?"

மாரியாயிதான், கையில் மரப்பலகையோடு தரை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள், இலையைப் பரப்புவதும் புரட்டுவதும் அவள் வேலை. இந்த அறையில் பத்து பேர் வந்தால் பத்து பேரும் கேட்பது இதைத்தான், நிறம் வந்துருச்சா என்று ஒருத்தரும் கேட்பதில்லை, சூடு எவ்வளவு என்று கேட்பதில்லை, ஓனர் கோயமுத்தூரிலிருந்து போன் பண்ணினாலும் சாப்பிட்டீங்களா என்பதற்கு முன்னாலேயே வாசம் வந்துருச்சா என்றுதான் கேட்பார். கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கும். அதே ஓனர்தான் போன வாரம் குன்னூர் ஏலத்திலிருந்து திரும்பி வந்த சரக்கைப் பார்த்துவிட்டு, ரெண்டாந்தடவைங்க நவநீதன், ஃப்ளாட்டு, டீயில உயிரே இல்லைன்னு எழுதியிருக்கான், இன்னொரு லாட் இப்படித் திரும்பி வந்துச்சுன்னா நான் வேற ஆள் பாக்கறதாத்தான் இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க என்றார். எப்படி எடுத்துக்கொள்வது அதை, பிரசாதம் மாதிரி இரண்டு கையாலுமா? வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், ஒரு ஃபேக்டரியில் மூக்குப் போனவன் என்று பேர் எடுத்தால் கோத்தகிரி வரைக்கும் எந்த ஃபேக்டரியும் வாசலில் விடாது. வரும், வரும், போய் அந்தக் கோடியப் பாரு என்று மாரியாயி மேல் எரிந்து விழுந்தான். அவள் நகராமல், இந்த ரூமுக்குள்ள கொஞ்ச நாளா புதினாக்கட்டு கொண்டாந்து போட்டாப்பல இருக்குதுங்க, யாரு கொண்டாராங்கன்னு தெரியல என்றாள். வேவு பார்க்கிறாளா? ஓனர் சொல்லி வைத்திருக்கிறாரா? உன் வேலை எதுவோ அதைப் பாரு என்றான், குரல் கூரையில் மோதித் திரும்பி வந்தது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

இத்தனை வாரமும் கடிகாரத்தை வைத்து ஓட்டினான். இவ்வளவு நேரம் ஆனால் இப்படி இருக்கும் என்று கணக்கு, மேலே நிறத்தைப் பார்த்து ஒரு உத்தேசம், ஒரு தடவை தப்பினால் இரண்டு தடவை சரியாக வந்தது. இன்றைக்குக் கடிகாரம் உதவாது. காலையிலிருந்து குந்தா பக்கத்திலிருந்து மூடுபனி ஏறி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து படுத்துக்கொண்டது, தரை பனிக்கட்டியாகக் கிடக்கிறது, இலை எழும்ப மாட்டேன் என்கிறது. நிறத்தை நம்பலாம் என்றால், கரண்ட் பில்லைக் குறைக்கிறேன் என்று ஓனர் மாட்டிவிட்டுப் போன புது வெள்ளை லைட்டில் எல்லாமே செத்தவன் முகம் மாதிரி வெளிறித் தெரிகிறது. பச்சையா, செம்பா, கண்ணா, லைட்டா... அந்தப் பக்கம் டிரையர் சூடாகி ராசு எட்டி எட்டிப் பார்க்கிறான். யாரைக் கேட்பது? மாரியாயியைக் கேட்கலாம், கேட்டால் அடுத்த நிமிஷம் வேலைக்காரர்கள் இருக்கிற லைன் வீடு முழுக்கத் தெரியும். என்ன நினைத்தானோ, ஒரு கை இலையை ஜன்னலோரம் கொண்டுபோய், தரை தெரியாமல், சுவர் தெரியாமல், தன் விரல்கூடத் தெரியாமல் வெட்டி ஒரு போட்டோ எடுத்து குரூப்பில் போட்டான். இது என்ன நிறம், சும்மா சொல்லுங்க.

போட்டவுடன் இரைக்கு வருகிற மீன் மாதிரி வந்து விழுந்தார்கள். மூக்குப்பொடியா அண்ணா என்றான் கொய்யா. வீட்டிலேயே புகையிலை ஊற வெச்சு லிக்விட் காய்ச்சறீங்களா, எங்களுக்கும் அனுப்புங்க என்றாள் ஸ்ட்ராபெர்ரி. எங்க ஊட்டு நாய் இதே கலருதான், பேரு ஜிம்மி என்றான் ஐஸ் மாம்பழம், அதற்கு எட்டு பேர் சிரித்தார்கள். சிரிங்கடா, சிரிங்க, ஒருத்தன் கழுத்துக்குக் கயிறு தொங்குகிறது, உங்களுக்கு ஜிம்மி கேட்கிறது. இவர்களைப் போய் சிநேகிதம் என்று இரண்டு வருஷம் தூக்கிச் சுமந்தோமே. தீபாவளிக்கு வாழ்த்து, யாருக்கோ பிரசவம் என்றால் எல்லாரும் சாமி படம், எல்லாம் காற்று, ஊதினால் போகிற ஆவி. போட்டோவை அழிக்கப் போனான். அப்போது ஃபில்டர் காபி டைப் பண்ணுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. வா, நீயும் வந்து உன் பங்குக்கு எச்சில் துப்பிவிட்டுப் போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

நடுவுல வந்துருச்சு, ஓரத்துல இன்னும் பச்சை நிக்குது. ஒருக்கா பெரட்டி உடு. குளிருக்கு நேரம் புடிக்கும், பனி நாள்ல கடியாரத்த நம்பாத.

அவ்வளவுதான் எழுதியிருந்தான். பொம்மை இல்லை, கிண்டல் இல்லை. கொய்யா அதற்குக் கீழே, என்ன தலைவா வடை சுடறியா என்று கேட்டான், அதற்குப் பதில் வரவில்லை. நவநீதன் அதைத் திரும்பப் படித்தான். பெரட்டி உடு... புகையிலையைச் சொல்கிறவன் இப்படிச் சொல்லமாட்டான். இது இந்தத் தொழில் தெரிந்தவன் பேச்சு, அதுவும் இந்த மலையில், இந்தக் குளிரில் நின்றவன் பேச்சு. யாருடா நீ? கேத்தி பக்கம் கண்ணாடி போட்ட டீமேக்கர் ஒருத்தன் இருக்கிறானே, கூட்டத்தில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வானே, அவனா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு மனுப் போட்டுக் கிடைக்காமல் போன ஜஸ்டஸா? ஜஸ்டஸ் என்றால் முடிந்தது கதை, போட்டோவைச் சேமித்து வைத்திருப்பான், நேரே ஓனருக்கு அனுப்புவான், உங்க டீமேக்கர் குரூப்ல கேட்டுத்தானுங்க டீ போடறார் என்று... அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே தனியாக ஒரு செய்தி வந்து விழுந்தது. அதே ஃபில்டர் காபி. அந்தப் போட்டோவ மொதல்ல அழி, அறிவுகெட்டவனே.

அழித்தான். நல்லது செய்கிறவன் மாதிரி நடிக்கிறான், ஏற்கனவே சேமித்து வைத்துக்கொண்டுதான் அழிக்கச் சொல்கிறான், எனக்குத் தெரியாதா உன்னை. ஆனாலும் வாய், மாரியாயி, ஒருக்கா பெரட்டி உடு என்று சொல்லிவிட்டது. அவள் பலகையைப் போட்டுத் தள்ளினாள். அடியிலிருந்து மேலே வந்த இலையின் ஓரம், ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தபோது, ஆமாம், பச்சைதான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் பாவி. அதற்கும் எரிச்சலாக வந்தது. திருட்டுப் பசங்களா என்று ஒவ்வொரு நாள் காலையிலும் எழுப்பிவிட்டவன் இந்த மலையில்தான் எங்கோ, இதே மாதிரி ஒரு தரைக்கு முன்னால் நின்றுகொண்டு... அப்படியானால் இனி எல்லாம் சரியாகப் போகும், தினமும் ஒரு போட்டோ, அவன் சொல்வான், இவன் செய்வான், யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது.

ராசு டிரையர் பக்கமிருந்து வந்து நின்றான். "என்னங்க, சூடு வீணாப் போகுது. வாசம் வந்துருச்சுங்களா?"

இந்தப் பயலும் அதையேதான் கேட்கிறான். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், மாரியாயி கேட்பாள், ஓனர் கேட்பார், பாடம் படிக்க வருகிற சின்னப் பையனுக்குக்கூட முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான், டீமேக்கரைப் பார்த்து டீமேக்கர் கேட்க வேறு கேள்வியே கிடையாது... நவநீதன் போனைத் திரும்ப எடுத்தான். நடுவுல வந்துருச்சு, ஓரத்துல பச்சை, பெரட்டு, பனி, கடியாரம். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தான். போட்டோவில் வாசம் வராது, பக்கத்தில் நிற்கிறவனைத்தான் கேட்க வேண்டும், தொழில் தெரிந்த எவனும் முதலில் அதைத்தான் கேட்பான். அவன் கேட்கவில்லை, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொன்னான். உன் மூக்கை நம்பியா இங்க உலை கொதிக்குது... யார் மூக்கைச் சொன்னான், என்னுடையதையா, அவனுடையதையா? அதற்கப்புறம் ஏன் இரண்டு நாள் வரவில்லை?

இருடா என்று ராசுவிடம் சொல்லிவிட்டு டைப் பண்ணினான், உனக்கு வாசம் தெரியுதாடா. அனுப்பினான். அவன் பார்த்துவிட்டான் என்று காட்டியது. டைப் பண்ணுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. தரையில் இலை தன்பாட்டுக்குச் சிவந்துகொண்டே போனது, ராசு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.