தாளம் ஓடிய மதியம்

பொந்தியான் நகரின் கடலோர உணவகத்தில் முதல் பாட்டிலேயே தாளம் வேகமெடுத்து ஓட ஆரம்பித்துவிட்டது. வயலினில் வில்லை இழுத்தபடியே பிரேமலா பக்கத்திலிருந்த கணவனை முறைத்தாள். ரூபேந்திரன் நிமிரவில்லை. குனிந்த தலையோடு கித்தார் கம்பிகளை வெட்டி வெட்டி மீட்டிக்கொண்டு போனான்.

குழுவில் அவர்களோடு நாசர் மட்டும்தான். ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ் அவனுடையது. ஒரு காலத்தில் பாரிஸ் மதுக்கூடங்களில் ஆட்களை ஆடவைத்த ஸ்விங் இசைதான் மூவருக்கும் பிழைப்பும் பைத்தியமும். டிரம்ஸ் கிடையாது. தாளமும் கித்தாரில்தான். ரூபேந்திரன் ஓடினால் மற்றவர்களும் ஓடியாக வேண்டும்.

"அண்ணே, ஸ்லோ லா," என்றான் நாசர் மெல்ல. காதில் விழுந்ததாகவே ரூபேந்திரன் காட்டிக்கொள்ளவில்லை.

காலையில் சிகாமட்டிலிருந்து கிளம்பியது முதல் அவன் வாயே திறக்கவில்லை. பிரேமலாவுக்கும் சில வாரங்களாகவே இருப்புக் கொள்ளவில்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் ஆறு மாத வேலை. வயலின் மட்டும் போதும் என்றிருந்தார்கள். அவளும் சரியென்று சொல்லிவிட்டாள். கணவனிடம்தான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவன் கெலாங் பாத்தாவில் அடுத்து வாசிக்கப்போகும் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். வேறு வயலின்காரர் தேட வேண்டுமே என்று நாசரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவைத்திருந்தாள்.

மூன்றாவது பாட்டு குதிரையாய்ப் பறந்தது. விரட்டி விரட்டி வாசித்ததில் அவள் தோள் எரிந்தது. வில்லின் இழைகள் அறுந்து தொங்கின. பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர்கள் அதையெல்லாம் வித்தை என்று நினைத்து எழுந்து நின்று விசிலடித்தார்கள்.

பிரேமலா நாசரைப் பார்த்தாள். அவன் கண்களைத் தாழ்த்திக்கொண்டான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதற்குமேல் அவள் துரத்தவில்லை. கணவனருகே போய் நின்று, அவன் வேகத்தில் பாதிக்கு அதே மெட்டை நீட்டி வாசித்தாள். தாளத்தில் அது பொருந்தத்தான் செய்தது. ரூபேந்திரன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. அவனும் வேகத்தைக் குறைக்கவில்லை, அவளும் கூட்டவில்லை. கைதட்டலில் பாட்டு முடிந்தது.

இடைவேளையில் இருவரும் சமையலறைக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"நாசர் சொல்லிட்டானா?" என்றாள் பிரேமலா.

"அவனத் திட்டாத. நான்தான் நோண்டி நோண்டிக் கேட்டேன்."

"போக வேணாம்னு சொல்லுவீங்கன்னு பயந்துட்டேன்."

"சொல்லித்தான் இருப்பேன். ரெண்டு நாள் சண்ட போட்டிருப்பேன். அப்புறம் நானே கூட்டிட்டுப் போய் விட்டிருப்பேன். அந்தச் சண்டயக்கூட எனக்குக் குடுக்கலியே நீ."

அவள் வயலினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"இப்பப் போடுங்க."

"இன்னும் நாலு பாட்டு இருக்கு. முடியட்டும்."

நான்கையும் அவன் இம்மி பிசகாமல் வாசித்தான். விறைப்பாகத்தான். பிறகு வேனில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்த சண்டை சிகாமட் வரை ஓயவில்லை. பின்னிருக்கையில் பேஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நாசர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டான்.

பிரேமலா கப்பலேறிய அன்று ரூபேந்திரன் சிங்கப்பூர் வரை கூட வந்தான். கோபம் முழுக்கத் தணியாமலே வந்தான். அவள் பெட்டியை மட்டும் கடைசிவரை தானே சுமந்தான், அவள் கையில் கொடுக்கவில்லை.