உள்ளே இருக்கிறார்

பெட்டிக்காரர் இறந்தபோது அவர் மனைவியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்பது தெருவுக்கே தெரியும். கல்நெஞ்சக்காரி என்று மூன்றாம் வீட்டுக்காரி சொல்ல, அதெல்லாம் அதிர்ச்சி என்று எதிர்வீட்டுக்காரி சொல்ல, கொஞ்ச நாள் பேச்சுக்குப் பஞ்சமில்லை. உண்மைக் காரணம் இரண்டு பேருக்குமே தெரியாது.

பெட்டிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். பாலங்களுக்குப் படம் வரையும் கம்பெனியில் அவருக்கு வேலை. பழைய கம்ப்யூட்டர்களைக் கம்பெனி கழித்துக் கட்டியபோது, தான் உட்கார்ந்து உழைத்த ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். திரையைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அதன் விசிறிச் சத்தம் மாவு மில்லுக்கு அக்கா. "சக்களத்தியைக் கூட்டிட்டு வந்திருக்கார்" என்று மனைவி வாசலில் நின்றே புலம்பினாள்.

அவர் அதை அணைக்கவே மாட்டார். பெரிய படம் ஒன்றைத் திறப்பதற்குள் பாதிக் காலை போய்விடும் காலத்துப் பழக்கம். அந்தக் கம்பெனியில் எல்லோரும் திரையை மட்டும் இருட்டாக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்களாம். கரண்ட் போனாலும் அது நிற்காதிருக்க வீட்டில் ஒரு பேட்டரியும் வாங்கி வைத்திருந்தார். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம்; அதில் அவர் பெயர்.

"இது என்ன, வாசல்ல மாட்டற பேர்ப் பலகையா?"

"நான் உள்ளே இருக்கேன்னு அர்த்தம். கடைக்குப் போனாலும் இதுக்கு நான் உள்ளேதான்."

"கொடுத்து வெச்சவ. எனக்கு நீங்க வீட்ல இருந்தாலும் வெளியேதான்."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, "அதை அணைச்சுடாதே, வந்துடறேன்" என்றார். வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் ஒரு பொத்தானைத் தட்டுவாள். திரை விழிக்கும். மூலையில் பெயர் இருக்கும். அது போதும், அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். மாதக்கணக்கில் இப்படித்தான் ஓடியது.

தங்கை வந்தாள். கை சும்மா இருக்காதவள். அக்கா துணி உலர்த்தப் போன நேரம், தூசி துடைக்கிறேன் என்று பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏன்டி வீடு இப்படி இருக்கு?" ஈரத்துணியோடு ஓடிவந்தாள் அக்கா.

"எப்படி இருக்கு? இப்பதான் நிம்மதியா இருக்கு."

பதறிப்போய் மறுபடி செருகினார்கள். விசிறி இரைந்தது. வெகுநேரம் கழித்துத் திரை வந்தது.

"அதான் வந்துடுச்சே அக்கா!"

மூலையில் கட்டம் இல்லை. நடுவில் யார் என்று மட்டும் கேட்டது. அக்கா ஒற்றை விரலால் அவர் பெயரை அடித்தாள். கடவுச்சொல் கேட்டது. கல்யாண நாள், மாமியார் பெயர், கடைசியில் கூச்சத்தோடு தன் பெயர். எதற்கும் அது மசியவில்லை.

"அத்தானோட ஆபீஸ்ல யாரையாவது கூப்பிட்டா திறந்து குடுப்பாங்கக்கா."

"திறந்தா அவங்கதானே உள்ளே போவாங்க? அவர் எப்படிடீ வருவார்?"

அக்கா முந்தானையால் திரையை ஒரு தடவை துடைத்தாள்.

"அணைச்சுடு. அவர் போயிட்டார்."

விசிறி மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. மில் சத்தம் இல்லாததால், அவள் அழுதது அன்றைக்குத் தெருக்கோடி வரை கேட்டது. மூன்றாம் வீட்டுக்காரி வாசல் வரை வந்தாள். கேட்க வாயெடுத்து, கேட்காமலே திரும்பிப் போனாள்.