மஞ்சப்பாறைக் குழாய்

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே மஞ்சப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், 1954ஆம் ஆண்டு தொழிலாளரின் வரிசை வீடுகளான பணிய லயத்துக்கு முன்னால் போட்ட குழாய், எதிரே வெளிநாட்டுக்காரர் யாராவது நின்றால்தான் தண்ணீர் விடும். உலகத்து ஏற்றத்தாழ்வை ஒழிக்கப் பல நாடுகள் கூடிப் போட்ட திட்டம் அது. கல்வெட்டில் ஏழு நாடுகளின் பெயரையும் மூன்று மந்திரிகளின் பெயரையும் வெட்டியதில், லயத்தின் பெயருக்கு இடமில்லாமல் போயிற்று. திறப்பு விழாவில் தொப்பிக்கார நிபுணர் ஒருவர் குழாயைத் திருகிவிட்டு, மனித குலத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அவ்வளவு நேரமும் தண்ணீர் கொட்டியது. அவர் ஜீப்பில் ஏறி வளைவு திரும்பியதும், குடத்தை நோக்கி விழுந்துகொண்டிருந்த தண்ணீர் அந்தரத்தில் நின்றது, கொஞ்சம் யோசித்தது, பிறகு வந்த வழியே குழாய்க்குள் ஏறிக்கொண்டது. குடத்தைப் பிடித்திருந்தவள் காளியாயி.

அந்தத் தண்ணீர் அவளுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது. மாட்டுப்பட்டியையும் கக்கூசையும் கழுவிக்கொண்டு வரும் ஓடையில்தான் லயமே குடித்தது. அதைக் குடித்து வயிற்றோட்டம் கண்டு அவளுடைய இரண்டு பிள்ளைகள் செத்திருந்தன. மிஞ்சியவள் நாகலெட்சுமி ஒருத்தி, அப்போது எட்டு வயது. காளியாயி தினமும் அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து குழாயின் முன்னால் நிறுத்தினாள். பச்சைப் பிள்ளையைப் பார்த்தாவது இரங்காதா என்று பார்த்தாள். குழாய் இரங்கவில்லை.

முறைப்பாடு போனது. விசாரிக்க நிபுணர்கள் வந்தார்கள், அவர்கள் வந்ததும் தண்ணீரும் வந்தது. குழாயில் பழுதில்லை, சனங்களுக்குத்தான் நன்றியில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை நின்றால் சொட்டியது. அவர் வெள்ளைக்காரர்தான், ஆனால் இருபது வருஷமாக இங்கேயே கிடந்ததால் குழாய்க்கு அவர்மேல் கொஞ்சம் சந்தேகம். தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி இரவல் கோட்டும் தொப்பியும் போட்டு, உதவியாக வந்த பால்மாவை முகத்தில் பூசிக்கொண்டு நின்று பார்த்தார். குழாய் இரண்டு முறை இருமியது. ரயிலைத் தவறவிட்ட உல்லாசப் பயணி எவராவது வட்டகொடை ஸ்டேஷனில் அகப்பட்டால், பெண்கள் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி அவரைக் கையோடு கூட்டிவந்தார்கள். அப்படி வந்தவர் படம் எடுப்பார், இவர்கள் குடம் நிரப்புவார்கள். ஊர் ஊராக அந்தப் படங்களைக் காட்டி, மலைநாட்டின் மலர்ந்த முகங்கள் என்று சொன்னார்களாம்.

குழாயைக் குறைசொல்லவும் முடியாது. நாற்பத்தெட்டில் வந்த குடியுரிமைச் சட்டம் இவர்கள் இந்த நாட்டாரில்லை என்றது. இவர்களுடைய முன்னோர் கூலிக்கு வந்த இந்தியாவும் தன்னுடையவர்கள் என்று சொல்லவில்லை. ஆக, லயத்தில் இருந்தவர்கள் உள்நாட்டாருமில்லை, வெளிநாட்டாருமில்லை. அந்த விஷயத்தில் குழாய் கண்டிப்பாக இருந்தது.

இப்படியே பத்து வருஷம் போனது. நாகலெட்சுமி வளர்ந்து, அதே லயத்தில் கடைசிக் காம்பராவில் வாழ்க்கைப்பட்டு, முழுகாமல் இருந்தாள். பிறக்கப்போகும் பிள்ளையும் ஓடைத் தண்ணீரில்தான் வளரவேண்டுமா என்ற நினைப்பில் காளியாயிக்குச் சோறு இறங்கவில்லை. அறுபத்து நாலாம் வருஷம் ஒக்டோபர் கடைசியில், இந்தியா, இலங்கை இரண்டு தேசத்துப் பெரியவர்களும் கூடி, தோட்டத்துச் சனத்தில் இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டதாக ரேடியோ சொன்னது. யார் எந்தப் பங்கில் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை காளியாயி வேலைக்குப் போகும் வழியில் குழாயைக் கடந்தாள். அது பீறிட்டு அவள் முந்தானையை நனைத்தது.

அவள் போட்ட சத்தத்தில் லயமே ஓடிவந்தது. சிலருக்கு ஓடியது, சிலருக்கு ஓடவில்லை. தலைவர் செல்லசாமிக்கு ஓடியது. அவர் உடனே மாலை வரவழைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "பத்து வருஷமா நாங்க பட்ட பாட்டுக்குக் கெடச்ச வெற்றி இது!" என்று ஆரம்பித்தார்.

"இரவல் கோட்டையும் சேத்துச் சொல்லுங்க, தலைவரே!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அப்போதுதான் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் சிவபாதம் சத்தம் கேட்டு இறங்கிவந்தார். அவர் சட்டப்படி இந்த நாட்டுக்காரர், அவர் நின்றபோது ஒரு சொட்டும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உது பிறநாட்டாருக்குத்தானே தண்ணி விடுறது? அப்ப, தண்ணி வந்த ஆக்களெல்லாம் இந்தியாவுக்குப் போற பங்கு எண்டு விளங்கேல்லையோ?" என்றார்.

செல்லசாமி மாலையைக் கழற்றினார். போட்டபோது எடுத்த நேரத்தைவிட அதற்கு அதிக நேரம் எடுத்தது. காளியாயி பிறந்ததும் இந்த லயத்தில்தான். கடலை அவள் கண்ணால் கண்டதில்லை.

நாகலெட்சுமி இடுப்பில் குடத்தோடு சிரித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. "கிட்ட வராத புள்ள! அங்கேயே நில்லு!" என்று காளியாயி அலறினாள். இழுத்து இழுத்துக் கொண்டுவந்து நிறுத்திய அதே கை, இப்போது மகளைப் பிடித்துத் தள்ளியது.

"என்னம்மா, கூத்தாடுற? தண்ணி ஓடுதுல்ல?" என்று நாகலெட்சுமி அம்மாவை விலக்கிவிட்டுக் கையை நீட்டினாள். குழாய் நின்றுபோனது. எவ்வளவு திருகியும் ஈரம்கூடக் கசியவில்லை.

காளியாயிக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. மகள் இங்கேதான். அடுத்த கணம், தான் இங்கே இல்லை என்பது உறைத்து, கல்வெட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். மகளின் குடத்தை வாங்கி, தான் பிடித்து நிரப்பி, அவள் இடுப்பில் தூக்கி வைத்தாள்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. வெளிநாட்டாராகிவிட்டவர்கள் முறைபோட்டு நிற்க, உள்நாட்டாராகப் போகிறவர்கள் பாத்திரங்களை வரிசையில் வைத்தார்கள். பிறந்த பேரனை அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். அவனுக்கு ஒருநாள்கூட வயிறு கெடவில்லை. மறுவருஷம் வந்த நிபுணர், தான் இறங்குவதற்கு முன்பே குழாய் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு, திட்டம் பூரண வெற்றி என்று எழுதினார்.

இந்தியாவுக்குக் கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வட்டகொடைக் கடையில் அண்டா விலை மூன்று ரூபாய் ஏறியிருக்கிறது. தான் போன பிறகும் இருக்கட்டும் என்று காளியாயி இரண்டு வாங்கி மகளின் காம்பராவில் நிரப்பி வைத்திருக்கிறாள். மூன்றாவதுக்குச் சொல்லியிருக்கிறாள்.